கட்டிப்போடக் கயிறு இருக்கிறது. கவனிக்க நர்ஸ் இல்லை!

எத்தனை சைடுக்கு ஒரு ஆள் என்பதில் கணக்கு உண்டு என்று பஞ்சாலைத் தொழிலாளிக்குத் தெரியும். முதலாளி அந்தக் கணக்கில் கைவைத்தால் அன்றைக்கே மில் வாசலில் கூட்டம் கூடிவிடும். அதே தொழிலாளியின் தம்பி சித்தம் கலங்கி சர்க்கார் ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் கிடக்கிறான். ராத்திரி ஷிப்டில் அங்கே எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ்? யாராவது கேட்டோமா? கேட்கவில்லை. "பைத்தியத்துக்கு மாத்திரை கொடுத்தால் போதாதா?" என்று இருந்துவிடுகிறோம்.

போதாது, தோழர்களே! டாக்டர் வார்டில் நிற்பது சில நிமிஷங்கள். மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். மிச்ச நேரமெல்லாம் நோயாளியோடு இருப்பது நர்ஸ்தான். காதில் குரல் கேட்கிறது, தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்று நடுங்குகிற மனிதனிடம் வாதாடி ஜெயிக்க முடியாது; சிரித்தால் அவன் இன்னும் மிரளுவான். "உங்களுக்குக் கேட்கிறது என்று தெரிகிறது, எனக்குக் கேட்கவில்லை, பயப்படாதீர்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். மாத்திரையை விழுங்கினானா, கடைவாயில் ஒதுக்கினானா என்று பார்க்க வேண்டும். மருந்தினால் கழுத்து இழுத்துக்கொண்டால், கை நடுங்கினால், எச்சில் ஒழுகினால் உடனே டாக்டருக்குச் சொல்லி மாற்று மருந்து கொடுக்கச் செய்ய வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லாததால்தான் பல பேர் மருந்தையே வெறுத்து நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்புகிறது. ஊர் என்ன சொல்கிறது? "பேய் விடவில்லை" என்கிறது.

குடி விஷயம் இதைவிட மோசம். பத்து வருஷமாகத் தினம் குடித்தவன் ஒருநாள் வைராக்கியமாக மாலை போட்டு விரதம் இருக்கிறான். வீட்டில் சந்தோஷம். மறுநாளே கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. சிலருக்கு வலிப்பு வருகிறது. மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அலறுகிறான், பெற்ற தாயை அடையாளம் தெரியவில்லை. சாமி குத்தம் என்று பூசாரியிடம் இழுத்துப் போய் மரத்தில் கட்டுகிறார்கள். இது சாமியும் இல்லை, பேயும் இல்லை. சாராயத்துக்குப் பழகிப்போன மூளை, அது திடீரென நின்றதும் தறிகெட்டு ஓடுகிறது. கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். கவனித்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை நாடி, ரத்த அழுத்தம், ஜுரம் பார்க்க வேண்டும். டாக்டர் சொன்ன அளவில் நடுக்கத்தை அடக்கும் மருந்து கொடுக்க வேண்டும். குளுகோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் என்ற வைட்டமின் ஊசி போட வேண்டும். இந்த வரிசை தப்பினால் மூளைக்கே சேதம் வரலாம். தண்ணீர் கொடுத்து, அமைதியான அறையில் வைத்து, "இது ஆஸ்பத்திரி, நான் நர்ஸ்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆள் இல்லாத இடத்தில் கயிறும் சங்கிலியும் வருகின்றன. ஏர்வாடியை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்டு 6ந் தேதி விடிகாலை, ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் வெந்து மடிந்தன. பணக்கார வீட்டுப் பிள்ளைகளா அங்கே கிடந்தவர்கள்?

அதற்குப் பிறகு சட்டம் வந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் கூடாது என்று தடுக்கிறது. இன்னொரு விதியும் அதில் இருக்கிறது. நம் ஆட்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய விதி. ஊழியர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி நோயாளியைக் கட்டிவைக்கக் கூடாது! ஆள் போடாதது யார் குற்றம் என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. சட்டம் அமலுக்கு வந்தது 2018 மே 29. மனநல ஊழியர் எண்ணிக்கையைச் சர்வதேச அளவுக்குக் கொண்டுவரப் பத்து வருஷத்துக்குள் முயல வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அந்தக் கெடு 2028 மே.

பணம் இல்லையாம்! மதுக்கடைகளை 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் சர்க்காரே நடத்துகிறது. 2023-24இல் மட்டும் அதில் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கூலியாளின் சட்டைப் பையிலிருந்து போன காசு இதில் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, குடிநோயாளிகளில் 100க்கு 86 பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது. செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். கொடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? உயிரோடு இருந்தபோது அந்தத் தொழிலாளியின் குடிநோய்க்கு எத்தனை ரூபாய் செலவழித்தீர்கள் என்று கேட்கிறோம்.

நர்சுகளை இவர்கள் நடத்திய லட்சணத்தையும் பாருங்கள். 2015இல் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தார்கள். சம்பளம் மாதம் 7,700 ரூபாய். தொகுப்பூதியம் என்று அதற்கு அலங்காரப் பெயர். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற வாக்கு காற்றில் போனது. 2017 நவம்பரில் அந்தப் பெண்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது.

நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். "குடிகாரனுக்குச் சங்கத்தில் என்ன வேலை?" என்று கைகழுவுகிற தோழர்கள் இருக்கிறார்கள். சித்தம் கலங்கியவனை மில் நிர்வாகம் லாயக்கில்லை என்று வெளியே தள்ளும்போது சங்கமும் தலையாட்டிய சம்பவங்கள் உண்டு. இது வெட்கக்கேடு. இ.எஸ்.ஐ.யில் நீடித்த நோய்ப் பட்டியலில் 34 நோய்கள் இருக்கின்றன. தீவிர மனநோய் அதில் ஒன்று. இரண்டு வருஷம் சந்தா கட்டிய தொழிலாளிக்கு, தகுதி இருந்தால், கூலியில் 100க்கு 80 வீதம் இரண்டு வருஷம் வரை கிடைக்க வழி உண்டு. நோய்க்காலத்தில் அவனை வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆவது பிரிவு சொன்னது. எத்தனை கிளைச் செயலாளர்களுக்கு இது தெரியும்?

வயலில் வேலை செய்கிறவனுக்கு அதுவும் இல்லை. மருந்துக்காக ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, கூட வருகிறவளின் கூலியும் போச்சு. இரண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒரு தடவை போட்டால் போதும் என்கிற ஊசி இருக்கிறது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் இருந்தால், நடவுக்குப் போகிற வழியில் போட்டுக்கொண்டு போகலாம். மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் இருக்கிறது. மாவட்டம் முழுமைக்கும் ஒரு குழு, அதில் ஒரு மனநல நர்ஸ்! எத்தனை கிராமத்துக்கு அந்த ஒருத்தி நடப்பாள்?

ஆகவே அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை எடுங்கள். நாலு பேர் சேர்ந்து ஜில்லா ஆஸ்பத்திரி மனநல வார்டுக்குப் போய், மூன்று ஷிப்டுக்கும் நர்ஸ் எத்தனை, நோயாளி எத்தனை, காலியிடம் எத்தனை என்று எழுதி வாங்குங்கள். நர்சுகளின் சங்கத்தையும் கூப்பிடுங்கள். அந்தக் கணக்கைத் தட்டியில் எழுதி மில் வாசலிலும் சாவடியிலும் கட்டிவையுங்கள்.