வீட்டுக் கடனா? முதலில் காணியைப் பாருங்கள்



வீட்டுக் கடன் பற்றி விசாரிக்க வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு தருவார்கள், மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத்தான். வங்கியில் கேட்கப்படும் முதல் கேள்வி வேறு. வீடு எழும்பப் போகும் காணி எங்கே இருக்கிறது, அது யாருடையது? அந்த இடத்திலேயே பலருடைய விண்ணப்பம் நின்றுவிடுகிறது. சம்பளம் போதாமல் அல்ல, இடம் பொருந்தாமல்.

காரணம் நமக்குப் புதிதல்ல. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. கம்பனியிடம் இருப்பது 2045 வரையிலான குத்தகை மட்டுமே. காணி இன்னும் ஜனவசமவினதோ அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தினதோ பொறுப்பில் உள்ள அரச காணிதான். ஆகவே துரை "கட்டிக்கொள்" என்று வாயால் சொன்னாலும், தோட்டக் கடிதத்தாளில் எழுதியே தந்தாலும், அது உறுதி ஆகாது. தனக்குச் சொந்தமில்லாததை அவர் எப்படி எழுதித் தர முடியும்? லயத்துக்கு முன்னால் மூன்று தலைமுறையாகப் பயிரிட்ட மரக்கறித் தோட்டமானாலும் வங்கிக்கு அது ஈடு அல்ல.

இது தெரியாமல் அத்திவாரம் போட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வங்கி கைவிட்ட பிறகு நகை அடகுக்குப் போகிறது. அதுவும் போதாமல் வாரத் தவணை நுண்கடன். சுவர் பாதியில் நிற்க, வட்டி மட்டும் வளர்கிறது.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் சிலர் தோட்ட எல்லைக்கு வெளியே நாட்டுப்புறத்தில் 10 பேர்ச் வாங்குகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் முற்பணம் கொடுக்குமுன் அது எந்தக் கிராம சேவகர் பிரிவில் வருகிறது, நில அளவைப் படம் உண்டா, தோட்டத்தின் எல்லைக் கல் எங்கே என்று பாருங்கள். விற்பவர் காட்டுவது உறுதியா, அரசாங்க அனுமதிப்பத்திரமா? அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. உறுதி என்றாலும் காணிப் பதிவகத்தில் ஏட்டைத் தேடிப் பார்ப்பது அவசியம். வங்கிகள் வழக்கமாக 30 வருட உரிமைத் தொடரைக் கேட்கின்றன. நொத்தாரிசுக்குக் கொடுக்கும் தேடுதல் செலவை வீண் செலவென்று நினைக்க வேண்டாம்.

காணி சுத்தமானதென்றாலும் மலை சும்மா இருக்க வேண்டுமே! பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை உட்பட மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படுகிறது. பிரதேச சபை கட்டடத் திட்டத்தை அங்கீகரிக்குமுன் அதைப் பார்க்கும். இதை அலைக்கழிப்பென்று திட்டுபவர்கள் மீரியபெத்தையை நினைத்துப் பார்க்கட்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானதென்று அதற்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு இடம் கொடுக்கப்படவில்லை என்பதுதான் அந்த மக்களின் கதை. ஆகவே அறிக்கை தேவை என்பதை ஏற்கிறோம். "இங்கே கட்டாதே" என்று சொல்லும் அரசாங்கம் "அங்கே கட்டு" என்று ஓர் இடத்தையும் காட்ட வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டோம்.

ஊழியர் சேமலாப நிதியை நம்பியிருப்போருக்கும் ஒரு சொல். கணக்கிலுள்ள மீதியில் 75 சதவீதம் வரை வீட்டுக் கடனுக்குப் பிணையாக வைக்கலாம். காணியை ஈடு வைக்க முடியாத நமக்கு இது பெரிய வசதிதான். ஆனாலும் வீடு கட்டும் இடம் எது, அதில் உங்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வி அங்கும் வரும். தவணை தவறினால் அந்தப் பணம் உங்கள் சேமலாபத்திலிருந்தே கழியும். வயதான காலத்துக்கு வைத்திருப்பது அது ஒன்றுதான் என்பதால், இடம் உறுதியாகாமல் அதில் கை வைக்காதீர்கள்.

நமது கோரிக்கைக்கு வருவோம். தொண்ணூறுகளில் செக்ரோலில் தவணை வெட்டவிட்டு வீடு கட்டிய குடும்பங்களில், கடனை முழுதாக அடைத்த பின்னரும் உறுதியைக் கண்ணால் காணாதவர்கள் பலர். பின்னர் 7 பேர்ச் என்றார்கள். அங்கும் வீட்டுக்குத் திறப்பு கிடைத்தது, பலருக்கு உறுதி பிந்தியது. இனி வரும் எந்தத் திட்டத்திலும் அளவையும் உறுதியும் முதலில், கடன் ஒப்பந்தம் பிறகு என்பதே சங்கத்தின் நிலைப்பாடு. அந்த உறுதியில் கணவன், மனைவி இருவரின் பெயரும் இருக்க வேண்டும். தவணையில் பெரும்பகுதி கொழுந்துக் கூடையிலிருந்து வருகிறது. கொழுந்து பறிப்பவளின் பெயர் பத்திரத்தில் இல்லாமல் போவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

தோட்டத் தலைவர்கள் தத்தமது பிரிவில் வீடு கட்ட எண்ணியிருப்போரின் விபரத்தை, காணி எந்தப் பிரிவில் உள்ளது, கையில் என்ன கடிதம் இருக்கிறது என்ற குறிப்போடு மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பிவைக்கவும். கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் பத்திரங்களின் பிரதிகளைக் காட்டி ஆலோசனை பெறலாம். மூலப் பத்திரத்தை எவரிடமும், சங்கக்காரரிடமும் கூட, விட்டுவிட்டு வர வேண்டாம்.