தயிர் உறையவில்லையே, ஏன்?

இரவில் பாலைக் காய்ச்சி, பதமாக ஆற வைத்து, உறை குத்தி மூடிவிட்டுப் படுக்கிறோம். காலையில் திறந்து பார்த்தால் பால் பாலாகவே இருக்கிறது! உடனே வீட்டில் விசாரணை ஆரம்பமாகிவிடும். "உறைமோர் பழசாயிருக்கும்" என்பார் மாமியார். "பால் சூடாயிருக்கும்போதே குத்தியிருப்பாய்" என்பாள் நாத்தனார். "மார்கழிக் குளிர் அப்படி!" என்று சமாதானம் சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்புவார் வீட்டுக்காரர்.

எல்லாம் நியாயமான காரணங்கள்தாம். பெரும்பாலும் குற்றவாளி இவற்றில் ஒன்றாகவே இருக்கும். ஆனால் நம்மில் யாரும் சந்தேகிக்காத இன்னொரு காரணமும் உண்டு. அது பசுவுக்குப் போட்ட ஊசி!

தயிர் என்பது என்ன? கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் இராமுழுதும் உழைத்துப் பாலிலுள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்றுகின்றன, அவ்வளவுதான். பசுவின் நோயைத் தீர்க்கக் கொடுத்த கிருமிக்கொல்லி மருந்து பாலில் சிறிது தங்கியிருந்தால், அது நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்க்குமா? உறைமோரிலுள்ள கிருமிகளையும் சேர்த்து அடக்கிவிடும். மேல்நாடுகளில் மாடுகளுக்குப் பெனிஸிலின் கொடுக்க ஆரம்பித்த காலத்தில், பாலாடைக்கட்டி செய்கிறவர்களுக்கு இதே தலைவலிதான் வந்தது. போட்ட உறை எடுபடவில்லை.

"பாலைத்தான் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறோமே, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. காய்ச்சினால் கிருமிகள் சாகும். ஆகவே காய்ச்சத்தான் வேண்டும். ஆனால் பெனிஸிலின் போன்ற மருந்து நாம் அடுப்பில் வைக்கும் சில நிமிஷங்களுக்கெல்லாம் அசைந்து கொடுக்காது. பெரும்பகுதி அப்படியே நிற்கும். அந்த மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தடிப்பும் அரிப்பும் வரக்கூட இது போதும்.

இந்த மருந்து பசுவுக்கு எதற்காக என்றால், முக்கியமாக மடிநோய்க்காக. மடி வீங்கி, சிவந்து, தொட்டால் பசு உதைக்கும். பால் திரிதிரியாக வரும். வைத்தியர் வந்து காம்பு வழியாக மருந்தை ஏற்றுவார், ஊசியும் போடுவார். வாயில்லா ஜீவன் வலியில் துடிக்கும்போது மருந்து கொடுக்காமல் இருப்பது பாவம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கொடுத்த பிறகு இத்தனை நாளைக்குப் பாலை ஒதுக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. ஒரு காம்பில் மருந்து ஏற்றினாலும் நான்கு காம்புகளின் பாலையும் ஒதுக்க வேண்டும். அந்தப் பாலைக் கன்றுக்கும் ஊட்டக்கூடாது. நம் நாட்டில் இந்த நாள் கணக்கை மருந்தின் மேலேயே அச்சிட வேண்டும் என்று 2012-ல் விதி வந்தது. அச்சிடாத மருந்தானால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

தயிர் உறையாதது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் வேறு இருக்கிறது.

பெனிஸிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங், 1945-ல் நோபெல் பரிசு வாங்கிய மேடையிலேயே எச்சரித்துவிட்டார். மருந்தை அரைகுறையாகக் கொடுத்தால் கிருமி சாகாது. மருந்தைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிடும் என்றார். ஆனால் நடந்தது என்ன? 1950-ல் அமெரிக்காவில் ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டாட் என்ற இரு விஞ்ஞானிகள், இத்தகைய மருந்தைத் தீவனத்தில் துளி கலந்தால் கோழிக்குஞ்சு சீக்கிரம் கொழுக்கிறது என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான், நோயே இல்லாத கோழிக்கும் பன்றிக்கும் தினந்தோறும் மருந்துச் சாப்பாடு! கிருமிகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

கோழி தின்றால் கோழிக்குத்தானே என்று இருக்க முடியாது. ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க டாக்டர் ஒரு குடும்பத்தின் பண்ணையில் இதைச் சோதித்து, 1976-ல் முடிவை வெளியிட்டார். தீவனத்தில் மருந்து கலந்த சுமார் ஒரு வாரத்துக்குள் கோழிகளின் குடலில் இருந்த கிருமிகள் அந்த மருந்துக்கு மசியாதவையாக மாறிவிட்டன. ஆறு மாதத்துக்குள் அந்த வீட்டு மனிதர்களின் குடலிலும் அதே கதை! அவர்கள் அந்த மருந்தைத் தொட்டவர்கள் கூட இல்லை. ஒரு நல்ல சேதி: மருந்துத் தீவனத்தை நிறுத்திய பிறகு, பெரும்பாலோரிடம் அந்தக் கிருமிகள் குறைந்துவிட்டன.

அதனால்தான் சட்டங்கள் வந்தன. வளர்ச்சிக்காக இம்மருந்துகளைத் தீவனத்தில் கலப்பதை 1986-ல் ஸ்வீடனும், 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடுத்தன. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து இருக்கிறது. மற்றவை எல்லாம் கைவிட்ட பிறகு, உயிருக்குப் போராடும் நோயாளிக்கு டாக்டர்கள் எடுக்கும் கடைசி ஆயுதம் அது. அதற்கும் மசியாத தன்மையை ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்று வாங்கிக்கொள்கிறது என்பதைச் சீனாவில் பன்றிகளிடமும், இறைச்சியிலும், நோயாளிகளிடமும் கண்டு 2015-ல் வெளியிட்டார்கள். கோழிக்கும் மற்ற உணவுப் பிராணிகளுக்கும் அதைக் கொடுக்கக்கூடாது என்று இந்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது.

சட்டம் சர்க்கார் வேலை. அடுப்பங்கரையில் நம் வேலை என்ன?

பாலை நன்றாகக் காய்ச்சுங்கள். அசைவம் சமைக்கிற வீடுகளில் பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி வையுங்கள். அதே பலகையில் வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கோழியைக் கழுவினால் கிருமி சமையலறை முழுவதும் தெறிக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறு வேலை பாருங்கள். முட்டையும் இறைச்சியும் நன்றாக வேகட்டும். குழந்தைக்கு வாங்கியதில் மீந்த மாத்திரையை நாய்க்குட்டிக்குக் கொடுக்கவே வேண்டாம். டாக்டர் சொல்லாமல் நமக்கும் வேண்டாம்.

மாடு வைத்திருப்பவர் பழக்கமானால் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் துடைக்க வேண்டும். கறந்தபின் காம்பின் வாய் சிறிது நேரம் திறந்தே இருக்கும். உடனே மாடு சாணியில் படுத்தால் கிருமி உள்ளே போகும். ஆகவே கறந்தவுடன் தீவனம் போட்டு அரை மணி நேரம் நிற்க வைப்பது நல்லது. நோய் வராத மாட்டுக்கு மருந்தே தேவையில்லை அல்லவா?

கடைசியாக ஒன்று. இதுதான் முக்கியம். ஒருநாள் காலை உங்கள் பால்காரர் வெறுங்கையோடு வந்து நிற்பார். "அம்மா, மாட்டுக்கு ஊசி போட்டிருக்குதுங்க. அஞ்சு நாளைக்குப் பால் ஊத்த முடியாது" என்பார். அன்று காபிக்குப் பால் இல்லையே என்ற கோபத்தில், "அப்படியானால் நாளையிலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள்.

அவர் நிலையை யோசித்துப் பாருங்கள். வைத்தியருக்கும் மருந்துக்கும் செலவு. ஐந்து நாள் கறந்த பாலும் மண்ணுக்கு. அதற்கு மேல் வாடிக்கையும் போனால், அடுத்த தடவை அவர் வாயைத் திறப்பாரா? ஊசி போட்ட விஷயத்தையே மறைத்துவிட்டுப் பாலை ஊற்றிவிட்டுப் போவார். பாக்கெட் பால் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். பல வீட்டுப் பால் ஒரே தொட்டியில்தான் சேருகிறது. சங்கங்களில் பரிசோதனை உண்டு என்றாலும், ஒரு வீட்டில் மறைத்தது தொட்டி முழுவதையும் கெடுத்துவிடலாம்.

ஆகவே உண்மையைச் சொன்ன பால்காரருக்கு இரண்டாவது அபராதம் போடாதீர்கள். "மாடு எப்படியிருக்கிறது?" என்று கேளுங்கள். ஐந்து நாளைக்குக் கடையில் பால் வாங்கிச் சமாளியுங்கள். ஆறாம் நாள் அவருக்காகவே பாத்திரத்தைக் கழுவி வாசலில் வையுங்கள்.