உங்கள் வெளிச்சம் யார் கண்ணில் விழுகிறது?



இஷா முடிந்து வெள்ளவத்தை மரைன் டிரைவைப் பிள்ளைகளோடு கடக்கிறோம். எதிரே வரும் கெப்பின் வெளிச்சத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஓட்டுகிறவருக்காவது எங்களைத் தெரிகிறதா? அதுவும் சந்தேகம்.

2020 இல் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவரை பழைய கெப்களைத்தான் ஓட்டினோம். ஹெட்லைட் கவர் மஞ்சளித்து மங்கிவிட்டது. அதைத் தீட்டி எடுப்பதை விட்டு, ஹலஜன் பல்புக்கென்று செய்த லைட்டுக்குள் மலிவான எல்ஈடியைப் போடுகிறோம். வெளிச்சம் வீதியில் விழாமல் சிதறி, எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது. பின்னால் பாரம் ஏற்றினால் முன்பக்கம் தூக்கி, இன்னும் மோசம்.

50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 14 மீற்றர் போகிறோம். இரண்டு செக்கன் கண் கூசினால் 28 மீற்றர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடியதற்குச் சமம்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை கட்டாயம். அங்கே புகையைத்தான் பார்க்கிறார்கள், விளக்கை அல்ல. விளக்கையும் பார்க்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

ஆனால் அரசாங்கத்தைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்ப முடியாது. கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் பிறைட் போடச் சொன்னது எந்த அரசாங்கம்? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது தர்மம் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். நாமே இடையூறாக இருந்தால்?

இன்றிரவே வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, டிம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மேலே ஏறினால் நாளைக்கே கராஜுக்குக் கொண்டுபோங்கள். வீதியைக் கடப்பது நம் பிள்ளைகள்தான்.