ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு மோல் கணக்கு

பிளஸ் ஒன் வேதியியலில் முதல் பாடத்திலேயே பிள்ளைகளை மிரட்டுவது மோல் கணக்கு. ‘கிராமை எதற்கு மோலாக மாற்ற வேண்டும், கிராமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே!’ என்று சலித்துக்கொள்ளாதவர்கள் குறைவு. மதுரை திருநகரில் ஒரு மருந்துக்கடைக்குப் போய், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தால் பதில் கிடைத்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாப்படி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு சோடியம் குளோரைடு (சமையல் உப்பு) 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். உப்பைவிட குளுக்கோஸ் ஐந்து மடங்கு! ஆனால், இது எடைக் கணக்கு மட்டுமே.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லியையும் செவ்வந்தியையும் எடை போட்டுத்தான் விற்கிறார்கள். எடை ஒன்றாக இருந்தாலும் பூக்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. மூலக்கூறுகளும் அப்படித்தான். அவற்றை எண்ண முடியாது. எடை போட முடியும். எடையிலிருந்து எண்ணிக்கைக்குப் போகும் வழிதான் மோல். ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள்.

கணக்கு ஒரே வரி: கிராமில் உள்ள எடையை மோலார் நிறையால் வகுக்க வேண்டும்.

குளுக்கோஸின் மோலார் நிறை 180. எனவே 13.5 ÷ 180 = 0.075 மோல்.

உப்பில் சோடியம் 23, குளோரின் 35.5, மொத்தம் 58.5. எனவே 2.6 ÷ 58.5 = 0.044 மோல்.

சோடியம் சிட்ரேட்டுக்கு (நீர் மூலக்கூறுகளோடு) 294. எனவே 2.9 ÷ 294 = 0.01 மோல். ஒவ்வொன்றிலும் மூன்று சோடியம் இருப்பதால், 0.03 மோல் சோடியம்.

இரண்டு சோடியத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 0.075. குளுக்கோஸும் அதே 0.075!

இது தற்செயல் இல்லை. வயிற்றுப்போக்கின்போதும் சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே போகும் வழி வேலை செய்கிறது. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் உடம்பில் ஏறுகிறது. அந்த வழிக்கு எடை தெரியாது, எண்ணிக்கைதான் கணக்கு. சர்க்கரை கூடினால் அது குடலிலேயே தங்கி, தண்ணீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறி, குழந்தைக்கு ஆபத்து.

1971 வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலானபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து கரைத்து வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 சதவிகிதமாக இருந்த இறப்பு, 4 சதவிகிதத்துக்கும் கீழே வந்தது. 2022-ல் மறைந்த அவருக்கு 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

ஆகவே, வீட்டில் ஓ.ஆர்.எஸ். கரைக்கும்போது பாக்கெட்டில் சொல்லியுள்ள அளவு தண்ணீரில் முழு பாக்கெட்டையும் போடுங்கள். ருசிக்காகச் சர்க்கரை சேர்க்காதீர்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். குழந்தை சோர்ந்துபோனாலோ குடிக்க மறுத்தாலோ, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு பாக்கி. பொட்டாசியம் 39, குளோரின் 35.5. பாக்கெட்டில் உள்ள 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு எத்தனை மோல்? 0.02 வந்தால் முழு மதிப்பெண்!