சாரலை நம்பிக் கடை போடலாமா?

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல். அருவிக்கரையெங்கும் கூட்டம். நேந்திரங்காய் வறுவலும் மங்குஸ்தான் பழமும் மளமளவென்று விற்கும். "நாமும் ஒரு கடை போட்டால் என்ன?" என்று தென்காசிப் பக்கத்து வீடுகளில் பேச்சு எழும். நகை அடகுக்குப் போகும்.

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வரவையும் செலவையும் மாதவாரியாக எழுதுங்கள். தொழில் திட்டம் என்பது இதுதான்.

ஒன்பது மாதக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு வறுவல் கடை. சீசனில் மாதம் ரூ.40,000 லாபம் என்று வையுங்கள். 3 மாதத்துக்கு ரூ.1,20,000. மற்ற 9 மாதமும் வாடகை, கூலி போக மாதம் ரூ.10,000 கையைக் கடித்தால் ரூ.90,000 போய்விடும். மிச்சம் ரூ.30,000. கடன் தவணையோ மாதம் ரூ.5,000, ஆண்டுக்கு ரூ.60,000. ஆக, ரூ.30,000 பள்ளம். வீட்டுச் செலவு இன்னும் தொடங்கவே இல்லை!

சீசனும் சொன்னபடி நடப்பதில்லை. 2020-ல் கொரோனாவால் அருவிகளில் குளிக்கத் தடை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைப் பலி கொண்டது. உடனே தடை வந்தது. தடை நியாயமே. உயிரைவிட வியாபாரம் பெரிதல்ல. ஆனால் தவணை நிற்காதே!

மானியம் கையில் வராது

"அரசு மானியம் இருக்கிறதே" என்பார்கள். 2008-ல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்புத் திட்டத்தில், மானியம் 3 ஆண்டு வங்கியிலேயே வைப்பாக இருக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். தொழில் நிலைத்தால்தான் அது கடனில் கழியும்.

நிறுத்துவதும் திட்டமே

தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் ஸோகோ. கணினிச் சில்லு தயாரிக்கும் திட்டத்தை அது 2025-ல் நிறுத்தி வைத்தது. தொழில்நுட்பத்தில் முழு நம்பிக்கை ஏற்படவில்லை. அதனால் மக்களின் வரிப்பணத்தை வாங்குமுன் நிறுத்தினோம் என்றார், நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு.

பெரியவர்களே அப்படியென்றால், நகையை அடகு வைப்பவர்கள் எவ்வளவு யோசிக்க வேண்டும்?

பள்ளம் தெரிந்தால் அடைக்கவும் வழி உண்டு. சீசனுக்கு மட்டும் கடை பிடிக்கலாம். மற்ற மாதங்களில் வீட்டிலேயே வறுத்து, தென்காசி, செங்கோட்டை மளிகைக் கடைகளுக்குப் போடலாம். கடனைக் குறைக்கலாம். அப்படியும் கணக்கு நேராகவில்லையா? நோட்டை மூடுங்கள். நகை வீட்டில் இருக்கும்.