மாடியில் ஆளே இல்லையாம்!

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழு கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. மகளிர் பிரிவு இனிமேல் கலை, பண்பாட்டுப் பணிகளோடு நிற்கவேண்டுமாம். தாராவி மறுவளர்ச்சிப் பிரச்சினையில் செயற்குழுவின் அனுமதியில்லாமல் மனு எழுதுவதோ, கூட்டம் போடுவதோ கூடாதாம். மகளிர் பிரிவின் சேமிப்புப் பணத்தையும் கணக்குப் புத்தகத்தையும் சங்கப் பொருளாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டுமாம். செயற்குழுவில் 11 பேர். அதில் ஒரு பெண்கூட இல்லை. தீர்மானத்தை எங்களிடம் படித்துக் காட்டவும் யாரும் வரவில்லை. குழாயடியில்தான் எங்களுக்குச் செய்தி கிடைத்தது.

பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஆகவே இதே ஏட்டில், நம் மக்கள் எல்லாரும் படிக்கும்படி பதில் சொல்கிறோம்.

அண்ணாச்சிமார்களே, விஷயத்தை மூடி மறைக்காமல் பேசுவோம். அரசு அறிவித்துள்ள விதி என்ன? 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும், மேல்மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, அதுவும் பணம் கட்டி. நம் சங்கம் எழுப்பிய கோரிக்கை, 350 போதாது, 500 சதுர அடி வேண்டும் என்பது. நியாயமான கோரிக்கைதான். அந்த ஊர்வலத்தில் நாங்களும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தோம். ஆனால் அந்த 500 யாருக்கு? கீழே இருப்பவருக்கு. இரும்பு ஏணியில் ஏறி, குனிந்து நுழைந்து, தகரக் கூரைக்கடியில் மூன்று பிள்ளைகளோடு வேகிறவளுக்கு அரை அடியாவது கேட்டீர்களா?

இந்தக் கேள்வியை நாங்கள் எங்கிருந்தோ கொண்டு வரவில்லை. எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. சனிக்கிழமை இரவு, கிரைண்டர் ஓய்ந்தபிறகு, சந்துக்குச் சந்து கூடுவோம். ஆளுக்கு 20 ரூபாய் போடுவோம். பிறகு ஒவ்வொருத்தியும் இந்த வாரம் எந்த நாள் வேலை கெட்டது, எதனால் கெட்டது என்று சொல்லவேண்டும். தண்ணீர் வராததால் மாவு அரைக்கவில்லை. ரேஷன் கார்டில் பேர் சேர்க்க இரண்டு நாள் அலைந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல், சயான் ஆஸ்பத்திரியில் வரிசை. இதையெல்லாம் பள்ளியில் மராத்தி படித்த எங்கள் பெண்பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். எது திரும்பத் திரும்ப வருகிறதோ, எது பலர் அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறதோ, அதையே கையில் எடுப்போம். ஒருத்தி இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் வரவில்லையென்றால், இரண்டு பேர் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். பிரசவத்துக்குத் துணை போவது, வட்டிக்காரனிடம் போகவிடாமல் சேமிப்பிலிருந்து கடன் கொடுப்பது, மனு எழுதிக் கொடுப்பது எல்லாம் இப்படிப் போய்ப் பார்த்ததில் தொடங்கியவைதான்.

அப்படித்தான் ஓர் இட்லிக்காரச் சகோதரியின் வீட்டுக்குப் போனோம். 14 வருடமாக ஒரே மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். விடியுமுன் இட்லி அவித்துக் கொடுக்கிறாள். அவள் புருஷன் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறான். கணக்கெடுக்க வந்தவர்கள் கீழே நின்று கேட்டபோது, வீட்டுக்காரர், ‘மாடியில் ஆளே இல்லை, பழைய சாமான்தான் கிடக்கிறது’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவள் அப்போது மாவு வாளியோடு ஏணியில் நிற்கிறாள்! மாதா மாதம் வாடகை வாங்கும்போது மட்டும் மாடியில் ஆள் இருக்கிறது. அதன்பின் சந்து சந்தாகக் கேட்டோம். எங்கள் உறுப்பினர்களில் பாதிக்குமேல் மாடிக்குடித்தனம்தான் என்பது அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. மனு எழுதினோம். தீர்மானம் வந்தது.

பெண்கள் பிரிவுக்குப் பண்பாடு, ஆண்கள் சங்கத்துக்கு அரசியல் என்ற இந்தப் பாகப்பிரிவினை புதியதல்ல. குஜராத்தில் அகமதாபாத் மில் தொழிலாளர்களின் பெரிய சங்கம் மஜூர் மகாஜன். காந்தியாரும் அனசூயா சாராபாயும் 1920-இல் கட்டியது. அதில் 1954-இல் பெண்கள் பிரிவு ஒன்று வைத்தார்கள். எதற்கு? மில் தொழிலாளியின் மனைவி மக்களுக்குத் தையலும் பின்னலும் கற்றுக்கொடுக்க. நமக்குக் கோலப் போட்டி. அவர்களுக்குத் தையல் வகுப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

1971-இல் துணி மார்க்கெட்டில் தலைச்சுமை தூக்கும் பெண்கள், பிழைக்க வெளியூரிலிருந்து வந்தவர்கள், அந்தப் பிரிவுக்குத் தலைவியாக இருந்த இலா பட்டிடம் வந்து குறை சொன்னார்கள். கூலி ஒழுங்காகத் தருவதில்லை. எத்தனை நடை என்பதற்குக் கணக்கில்லை. அவர் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகள் மறுத்து, நாங்கள் நியாயமான கூலிதான் தருகிறோம், இன்ன விகிதம் என்று பதில் எழுதினார்கள். பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வியாபாரிகள் வாயாலேயே சொன்ன அந்த விகிதத்தை அட்டையில் அச்சடித்து, சுமை தூக்கும் ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்தார்கள். நீயே சொன்னாயே, கொடு என்று கேட்டு வாங்கினார்கள். இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, தெம்பும் வந்தது.

1972-இல் சுயதொழில் செய்யும் பெண்கள் சங்கம், அதாவது சேவா, தொழிற்சங்கமாகப் பதிவாயிற்று. உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் என்று தொழிலாளர் துறையில் தடை சொன்னார்கள். சங்கம் என்பது ஒருவனை எதிர்ப்பதற்கு மட்டுமல்ல, நாங்கள் ஒன்று சேர்வதற்கு என்று வாதாடி வென்றார்கள். பேங்குக்காரர்கள் மதிக்காதபோது, 1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குபோட்டுச் சொந்தமாகவே கூட்டுறவு பேங்க் தொடங்கினார்கள். எழுத்தறியாத பெண்கள், பதிவுக்காகத் தங்கள் பெயரை எழுத இரவெல்லாம் கண்விழித்துக் கற்றார்கள். கணக்குப் புத்தகத்தை இன்னொருவரிடம் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லும் பொருளாளர் அண்ணாச்சி, அந்த இரவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

‘ஒற்றுமை குலைந்துவிடும்’ என்கிறீர்கள். அகமதாபாத்திலும் அதையேதான் சொன்னார்கள். 1981-இல் மருத்துவக் கல்லூரியில் தாழ்த்தப்பட்டோருக்கான இட ஒதுக்கீட்டை எதிர்த்துக் கலவரம் மூண்டது. தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. தாய்ச் சங்கம் வாயை மூடிக்கொண்டிருந்தது. சேவாவின் உறுப்பினர்களில் தலித் பெண்கள் நிறைய. அவர்கள் அடிபடும்போது இலா பட் பேசினார், இட ஒதுக்கீட்டை ஆதரித்தார். அதற்காக மஜூர் மகாஜன் சேவாவை வெளியே தள்ளியது. பெண்கள் நடுத்தெருவுக்கு வந்துவிட்டார்களா? இல்லை. இன்று சேவாவின் உறுப்பினர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அவர்களுடைய காந்திய வழி எங்களில் பலருக்கு ஒத்துவராது. முழங்கவேண்டிய இடத்தில் மெல்லப் பேசுகிறார்கள் என்று எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. ஆனால் அடிபடுகிற உறுப்பினரை விட்டுக்கொடுத்து வாங்கும் ஒற்றுமை வேண்டாம் என்றார்களே, அது எங்களுக்கும் சம்மதம்.

அகமதாபாத் தூரம் என்றால், நம் பம்பாயையே பாருங்கள். 1972-இல் விலைவாசியை எதிர்த்து மிருணாள் கோரேயும் அகில்யா ரங்கணேகரும், ஒருவர் சோஷலிஸ்ட், மற்றவர் மார்க்சிஸ்ட், ஒரே மேடையில் நின்றார்கள். பெண்கள் தட்டையும் சப்பாத்திக் கட்டையையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து தட்டினார்கள். அந்தப் பிரச்சினை அவர்கள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கிளம்பியது. 1977-இல் அந்த இருவருமே பம்பாயிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார்கள்.

நாங்கள் தவறே செய்யாதவர்கள் என்று சொல்லவில்லை. நான்கு வருடத்துக்கு முன் சாராயக் கடையை எதிர்த்துக் கிளம்பினோம். கூட்டம் சேர்ந்தது, பேச்சு பிரமாதம். இரண்டு மாதத்தில் எல்லாரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். போலீசில் சாட்சி சொன்ன ஒருத்தி மட்டும் தனியாக மாட்டிக்கொண்டு, கடைக்காரன் ஆட்களுக்குப் பயந்து திருநெல்வேலிக்கே போய்விட்டாள். அவள் முகத்தில் விழிக்க இன்றும் எங்களுக்கு வெட்கம். முன்னால் நிற்கிறவளுக்குப் பின்னால் எத்தனை பேர், எத்தனை மாதம் நிற்போம் என்று எண்ணிவிட்டுத்தான் இப்போது எதிலும் இறங்குகிறோம். மாடிக்குடித்தனக்காரர் விஷயத்திலும் எண்ணிப் பார்த்துவிட்டோம்.

இன்னொன்றையும் கேட்டே தீரவேண்டும். செயற்குழுவில் மாடி வாடகை வாங்காதவர்கள் எத்தனை பேர்? இதைக் கேட்பது தனிமனிதத் தாக்குதல் என்று ஓர் அண்ணன் கோபித்துக்கொண்டார். நாங்கள் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் தாராவியை விட்டு வெளியே தள்ளினால் இட்லி வியாபாரம் என்ன ஆகும்? விடியலில் சைக்கிள் எங்கிருந்து கிளம்பும்? முறுக்குப் பிழிகிறவளுக்கு மாவு கொடுத்து மாலையில் வாங்கிப்போக யார் வருவார்கள்? எங்களுக்கு வீடும் தொழிற்சாலையும் ஒன்றே. தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் இந்த மாடிக்குடித்தனக்காரர்கள்தான். அவர்கள் போய்விட்டால் பொங்கல் விழாவில் யாருக்குப் பரிசு கொடுப்பீர்கள்?

கோலமும் போடுவோம், ஊர்வலமும் போவோம். சேமிப்புப் புத்தகம் எங்களிடமே இருக்கும். பார்க்க விரும்புகிற எந்த உறுப்பினரும் சனிக்கிழமை வந்து பார்க்கலாம். மாடிக்குடித்தனத்துத் தாய்மார்கள் வாடகைச் சீட்டு, லைட் பில், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, எது கையில் இருக்கிறதோ அதன் நகலோடு வாருங்கள். ஒன்றுமே இல்லையென்றாலும் வாருங்கள். அக்கம்பக்கத்தார் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டி வாருங்கள், எழுதிக்கொள்கிறோம். செயற்குழு அண்ணன்மாருக்கும் பாய் போட்டு வைக்கிறோம்.