தமிழ்ப் பாடம் எதற்கு?

நம் பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டுமா, வேண்டாமா என்கிற விவகாரம் இப்போது இல்லை. 2006-ம் வருஷத்துச் சட்டத்தின்படி 10-ம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாகிவிட்டது. ஆனால் அதை எதற்காகப் படிப்பது என்று உளுந்தூர்பேட்டைக் கடைத்தெருவில் நின்று கேட்டால், பெற்றோர்களில் அனேகர் "பாஸ் செய்வதற்கு" என்றுதான் சொல்லுவார்கள். 100-க்கு 35 வாங்கினால் பாஸ். அதற்கு நோட்ஸை நெட்டுருப் போட்டால் போதும்.

பரீட்சையில் கடிதம் எழுதச் சொல்லுகிறார்கள், படிவம் பூர்த்தி செய்யச் சொல்லுகிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அந்தக் கடிதத்தையும் நெட்டுருப் போட்டே எழுதிவிட்டு வருகிற பையன், தகப்பனாருக்குப் பட்டா மாறுதல் மனு ஒன்று எழுத வேண்டி வந்தால், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரைத் தேடிக்கொண்டு போகிறான். பத்து வருஷம் படித்த தமிழ் பத்து வரி எழுத உதவாவிட்டால் அந்தப் படிப்பினால் பிரயோஜனம் என்ன? பிறர் எழுதிய காகிதத்தைப் படித்து அதில் இருப்பதை அறியவும், தன் மனத்திலிருப்பதைத் தானே எழுதவும் சக்தி உண்டாக்குவதே மொழிப் பாடத்தின் முதல் நோக்கமாகும்.

நிற்க, இலக்கியம் எதற்கு? பக்திக்கு என்பார் சிலர். பழம்பெருமைக்கு என்பார் சிலர். சொல்லழகுக்கு என்பார் சிலர். நியாயம் விசாரிக்கும் பழக்கத்துக்கு என்று நாம் சொல்லுகிறோம். இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாக 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய வழக்கு ஒன்றிருக்கிறது. சுந்தரரின் கலியாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் வந்து, "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழவர் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் மூல ஓலையைக் காட்டுகிறார். சபையார் பாட்டனுடைய வேறு கையெழுத்தோடு அதை ஒத்துப் பார்த்து, சரியென்று தீர்ப்புச் சொல்லுகிறார்கள்.

வந்த கிழவர் சிவபெருமான் என்பது புராணம். அதோடு பாடம் முடிந்துபோகிறது. ஆனால் ஒரு மாணவன் எழுந்து, "கையெழுத்து சரியாயிருக்கட்டும். பேரனை அடிமையாக எழுதிவைக்கப் பாட்டனுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?" என்று கேட்கட்டும். ஒரு மாணவி, "பிராமணன் பிராமணனுக்கு அடிமையாவது உண்டா என்றுதானே சுந்தரரும் கேட்டார்? அப்படியானால் மற்றவர்கள் அடிமையாவது நியாயமா?" என்று கேட்கட்டும். அந்த வகுப்பில் அன்றைக்குத்தான் இலக்கியம் நடந்ததாக அர்த்தம்.

இது வெறும் பழங்கதை விவகாரமல்ல. அடிமைப் பாத்தியதையைக் கோர்ட்டார் ஏற்கக் கூடாதென்று 1843-ல் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் 133 வருஷம் கழித்து, 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. இன்றைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிற ஏழைகள் நம் ஜில்லாக்களில் இருக்கிறார்கள். தகப்பன் ரேகை வைத்த காகிதத்துக்கு மகன் உழைக்க வேண்டுமா என்பது அவர்கள் வீட்டுக் கேள்வி. அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித் தராத இலக்கியம் யாருக்காக?

"இப்படிக் கேள்வி கேட்டால் தமிழ்ப் பற்றுப் போய்விடுமே" என்று சில பண்டிதர்கள் பயப்படலாம். பயம் வேண்டியதில்லை. கேள்வி கேட்கிறவன்தான் நோட்ஸை மூடிவிட்டுச் செய்யுளையே எடுத்துப் படிப்பான். அனுபோகமா, பத்திரமா, சாட்சியா, எதைக் கொண்டு வழக்கை நிரூபிப்பாய் என்று அந்தச் சபையார் கேட்டதாகச் சேக்கிழார் எழுதியிருக்கும் நுட்பமும் அப்போதுதான் அவன் கண்ணில் படும். கும்பிட்டுக்கொண்டே படிப்பவனுக்கு அது படாது.

ஆகையால் தோழர்களே, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் மார்க்கை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். நோட்ஸில் பதில் இல்லாத கேள்வி ஒன்றாவது இந்த மாதம் தமிழ் வகுப்பில் கேட்கப்பட்டதா என்றும் கேளுங்கள். பிள்ளைகளையும் அதையே கேளுங்கள்.